துருப்பிடித்த இரும்பு இழைப்புளியை மறுபடியும் சீவ வைப்பது

உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில், மோட்டார் கவர்களுக்கும் உடைந்த பெஞ்சு வைஸுக்கும் அடியில் கிடந்தது. தூக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு இரும்புக் கட்டி, துருவுக்கு நடுவே திட்டுத்திட்டாக நீலப் பெயிண்ட். நீலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்ட் கம்பெனியின் நம்பர் 4 இழைப்புளி. கடைக்காரர் 350 ரூபாய் சொன்னார். பேரம் பேச மனசு வரவில்லை. கோவை ஃபவுண்டரிகளில் மர பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மர மாதிரி, செய்தவர்களிடம் இந்த மாதிரி இரும்பு இழைப்புளிகள் புழங்கின. அதனால் நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் பொறுமையாகக் கிளறினால் இன்னும் அகப்படும்.

அதைச் சீவ வைக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒழுங்காகச் செய்திருந்தால் ஒன்றே போதும். மீதி இரண்டையும் எங்கே தொலைத்தேன் என்று தெரிந்தால் உங்களுக்கு மிச்சமாகும்.

ஸ்டான்லி, ரெக்கார்ட், இந்தியத் தயாரிப்பான ஆனந்த், எல்லாமே ஒரே குடும்பம்தான். லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கர் 1860களில் காப்புரிமை வாங்கிய அமைப்பு. 1869இல் ஸ்டான்லி கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. ரெக்கார்ட் 1931இல் அதையே பார்த்துச் செய்ய ஆரம்பித்தது. ஆகவே உங்களிடம் எது இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

வாங்கும் முன்

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விரிசலைப் பார்த்துப் பயப்படுங்கள். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் உடையும். பிளேடு எட்டிப் பார்க்கும் வாய்க்கு இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறதே, அங்கேதான் முதலில் விரியும். நகத்தால் தடவிப் பாருங்கள். பிறகு பிளேடில் இருக்கும் நீளத் துளைக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டராவது இரும்பு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடி உடைந்திருந்தால் பரவாயில்லை, அரால்டைட் இருக்கிறது.

கழற்றுவது

லீவரைத் தூக்கினால் பிளேடை அழுத்திப் பிடிக்கும் மூடி, அதாவது லீவர் கேப், வரும், அதற்கடியில் பிளேடும் அதன்மேல் திருகியிருக்கும் மேல் தகடும் ஒன்றாக வரும். பிறகு பிளேடு சாய்ந்து உட்காரும் மேடை, அதற்கு ஃபிராக் என்று பெயர், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். ஸ்க்ரூ இறுகியிருந்தால் முதல் நாள் ராத்திரியே டீசல் விட்டு வையுங்கள். ஸ்க்ரூவின் பள்ளம் முழுவதையும் நிரப்பும் அகலத்தில் டிரைவர் வேண்டும். சின்னதை வைத்து முறுக்கினால் பள்ளம்தான் வழியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனது ஒரு பித்தளைச் சக்கரத்தால். பிளேடை ஏற்றி இறக்கும் அந்தச் சக்கரம் அசையவே இல்லை. டீசல் விட்டேன், சூடு காட்டினேன், கடைசியில் கட்டிங் பிளேயரால் பிடித்து முறுக்கியதில் பித்தளையில் பல் பல்லாகத் தடம் விழுந்ததுதான் மிச்சம். பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அது எதிர் மரைங்க. நீங்க கழட்டல, இறுக்கிட்டிருக்கீங்க." பெய்லி வகை இழைப்புளிகளில் அந்தச் சக்கரத்துக்கு இடது மரை. பின்னால் இருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. தினமும் ஆள்காட்டி விரலில் படும்.

துரு

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். பழைய பிளாஸ்டிக் டப்பாவில் இரும்புப் பாகங்கள் முழுகும்படி போட்டு நாலு மணி நேரம். வினிகரும் வேலை செய்யும். ஆனால் அந்த வாசனையோடு வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது. ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள். துரு போன பிறகு அமிலம் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும், மேல்பரப்பு கருத்துச் சொரசொரப்பாகிவிடும். நடுவில் ஒரு தடவை எடுத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துப் பாருங்கள், போதுமென்றால் நிறுத்திவிடுங்கள்.

பித்தளையை இதில் போட வேண்டாம். அதற்குப் புளிதான். குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரியே.

எடுத்ததும் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு நல்ல வெந்நீர், உடனே துடைத்து வெயிலில். இந்த இடத்தில் டீ குடிக்கப் போகக் கூடாது. ஈரத்தோடு விட்டால் ஐந்து நிமிஷத்தில் மஞ்சள் பூத்துவிடும். காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகிவிடும்.

பெயிண்டைப் பற்றி என் அபிப்பிராயம்: விட்டுவிடுங்கள். சுரண்டிப் புது நீலம் அடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அலமாரிக்கு அழகுதான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாக உரசித் தூசி கிளப்புவதும் நல்லதில்லை.

பின்சேர்க்கை: தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர், சிட்ரிக் ஆசிட் கிடைக்கவில்லை என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் போட்டாராம். இழைப்புளியில் துரு போய்விட்டது. ஆனால் அதே அறையில் இருந்த அவருடைய உளி, ரம்பம், ஸ்க்ரூ டப்பா எல்லாம் இரண்டு நாளில் துருப்பிடித்துவிட்டன. அந்த ஆசிட்டின் ஆவியே போதும். வீட்டுக்குள் திறக்காதீர்கள்.

அடிப்பாகத்தை மட்டமாக்குவது

சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் இடத்தில் பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் 80 நம்பர் எமரித் துணியை இழுத்து ஒட்டுங்கள். சாதா உப்புத்தாள் சுருண்டு எழும்பி, இழைப்புளியின் முனைகளை உருண்டையாக்கிவிடும். அடிப்பாகத்தில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுத் தேயுங்கள். எங்கே மை அழியவில்லையோ அங்கே பள்ளம்.

தேய்க்கும்போது ஃபிராக், பிளேடு, லீவர் கேப் எல்லாம் மாட்டி, வழக்கமான இறுக்கத்தில் இருக்க வேண்டும். பிளேடை மட்டும் நன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். அந்த இறுக்கத்தில் அடிப்பாகம் துளி வளையும். நமக்கு வேண்டியது அந்த நிலையில் மட்டம்.

முழுக்க மை அழியும்வரை தேய்க்க வேண்டும் என்பது அவசியமே இல்லை. மூக்கு, வாய்க்கு நேர் முன்னால், வால், இந்த மூன்று இடமும் ஒரே மட்டத்தில் தொட்டால் போதும். நடுவில் இருக்கும் துருக்குழிகள் ஒன்றும் செய்யாது. நான் எல்லாக் குழியும் போகும்வரை தேய்த்தேன். என் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே போனது.

பிளேடு

பிளேடின் தட்டையான பக்கம், முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மட்டும், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வேண்டும். அந்த இடத்தில் குழி இருந்தால் கூர் அங்கங்கே ஓட்டையாகத்தான் வரும். குழி தாண்டும்வரை முனையைத் தேய்த்து எடுங்கள், இல்லையென்றால் பிளேடை மாற்றுங்கள்.

சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். முனை நீலமாக மாறினால் பதம் போயிற்று, அந்த இடம் வரை இரும்பு வீண். சாய்வு 25 டிகிரி, கடைசி முனையில் மட்டும் 30. கண்ணால் பிடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சக்கரம் வைத்த மலிவான கூர் கைடு ஒன்று வாங்கினேன், வெட்கமே இல்லாமல் பரிந்துரைக்கிறேன். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் அந்தப் பழைய எக்லிப்ஸ் மாதிரி கைடில் பிளேடை 50 மில்லிமீட்டர் நீட்டினால் 25 டிகிரி, 38 நீட்டினால் 30. கண்ணாடி மேல் வாட்டர் பேப்பர் 400, 800, 1200, 2000. தட்டையான பக்கத்தில் விரல் வைத்து முனையை நோக்கி மெல்லத் தள்ளினால் ஒரு பிசிறு தட்டுப்பட வேண்டும், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. பிசிறு வராமல் அடுத்த பேப்பருக்குப் போகாதீர்கள்.

மேல் தகடு

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் மாட்டியாயிற்று. முன்கை முடி மழிகிற கூர். சில்வர் ஓக் பலகை ஒன்றை வைஸில் கட்டி ஒரு இழுப்பு. அரையடிக்கு அழகாகச் சுருள் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் பிளேடுக்கும் மேல் தகடுக்கும் நடுவே சீவல் நுழைந்து, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து மடிந்து அடைத்திருந்தது. ஊசியால் நோண்டி எடுத்தேன். மறுபடி அரையடி. மறுபடி ஊசி. பிளேடில்தான் கோளாறு என்று நினைத்து அன்று மூன்று தடவை கூர் பிடித்தேன்.

கோளாறு மேல் தகட்டில். பிளேடை இறுக்கிப் பிடிப்பதோடு, எழும் சீவலை உடனே மடக்கி, மரம் பிளந்துகொண்டு ஓடாமல் தடுப்பதும் அதன் வேலை. அதற்கு அதன் முனை பிளேடோடு இடைவெளியே இல்லாமல் ஒட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திருகி, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். என்னுடையதில் வலது மூலையில் தலைமுடி அளவு வெளிச்சக் கோடு தெரிந்தது. சீவலுக்கு அது போதும்.

சரி செய்ய, தகட்டின் முனை அடியைக் கூர் தீட்டும் கல்லின் விளிம்பில் வையுங்கள். பின்பக்கம் கல்லுக்கு வெளியே, கல் மட்டத்தைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கட்டும். அப்போதுதான் முனை மட்டும் தேயும், உள்ளே சின்ன இடைவெளி விழுந்து, முனை மட்டுமே பிளேடைத் தொடும். இருபது முப்பது தேய்ப்பு, மறுபடி ஜன்னல். கோடு மறையும்வரை. மேல்பக்க வளைவையும் 1200 பேப்பரில் வழவழப்பாக்கிவிடுங்கள், சீவல் வழுக்கிக்கொண்டு போகும்.

எனக்கு அது பத்து நிமிஷ வேலையாக இருந்தது.

மாட்டுவது

பிளேடின் சாய்வு கீழே பார்க்க வேண்டும், மேல் தகடு தட்டையான பக்கத்தில். இதை எழுதத் தேவையில்லை என்று முதலில் விட்டிருந்தேன். "சீவவே மாட்டேன் என்கிறது" என்று எழுதிய நாலு பேரில் மூன்று பேர் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். உளியைப் பிடித்துப் பழகிய கைக்குச் சாய்வு மேலே இருப்பதுதான் சரி என்று தோன்றும் போல.

மேல் தகட்டின் முனை, பிளேடின் கூரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி. மெல்லிய சீவலுக்கு அரை மில்லிமீட்டர். வாயில் பிளேடுக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் சந்து இருக்கும்படி ஃபிராக்கை நகர்த்தி இறுக்குங்கள். லீவர் கேப் ஸ்க்ரூ, பித்தளைச் சக்கரம் ஒரு விரலால் சுற்றுகிற அளவு இறுக்கம். பிளேடு ஒரு பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தால் ஃபிராக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைத் தள்ளிச் சரிபண்ணுங்கள். சக்கரத்தின் கடைசி அசைவு எப்போதும் பிளேடை வெளியே தள்ளுவதாக இருக்கட்டும். உள்ளே இழுத்த நிலையில் விட்டால் சீவும்போது பிளேடு பின்வாங்கிவிடும்.

அடிப்பாகத்தில் மெழுகுவர்த்தியால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சீவிப் பாருங்கள். மரம் பிய்ந்து வந்தால் பலகையைத் திருப்பிப் போடுங்கள், நார் எதிர்ப்பக்கம் எழும்புகிறது.

பின்சேர்க்கை 2: கைப்பிடி போல்ட் தொலைந்துபோய், கடையில் எது வாங்கினாலும் மரை ஏறவில்லை என்று கேட்கிறார்கள். ஸ்டான்லியில் அந்த மரை 9/32 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று; சாதாரண ஹார்டுவேர் கடையில் இருக்காது. பலவந்தமாக எம்7 (7 மில்லிமீட்டர்) போல்ட்டை ஏற்றாதீர்கள், வார்ப்பிரும்பில் மரை போய்விடும். இன்னொரு உடைந்த இழைப்புளியை எடைக்கு வாங்கி அதிலிருந்து கழற்றிக்கொள்வதுதான் மலிவு. லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள், ஆனால் மாதிரிக்கு முன்பக்கக் குமிழின் போல்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.