பால் பைத்தான் குட்டிக்கு இரை கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் பைத்தான் (ball python, மிரண்டால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய வகை மலைப்பாம்பு) குட்டி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: இத்தனை மாதம் ஆகிவிட்டது, எடை இவ்வளவுதான் இருக்கிறது, இது போதுமா? கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கவலை முற்றும்போதுதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன. எடை ஏறவில்லை என்று இரையைப் பெரிதாக்குவது, வாரத்துக்கு இரண்டு முறை கொடுப்பது, சாப்பிடாத குட்டியின் மூக்குக்கு முன்னால் தினமும் எலியை ஆட்டிக்கொண்டிருப்பது எல்லாமே அந்த அவசரத்தில் வருவதுதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருஷம் வாழக்கூடிய பாம்பு இது. அதை ஒரே வருஷத்தில் பெரிதாக்கியே தீர வேண்டும் என்று எந்த அவசியமும் கிடையாது.

முதலில் எது இயல்பான வளர்ச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள். முட்டையிலிருந்து வெளியே வரும் குட்டி பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். முதல் சட்டையை உரிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவே அதற்குப் போதும், அதனால் அந்த நாட்களில் இரை தேடாது. அதன்பிறகு ஒழுங்காக இரையெடுக்கும் குட்டி, ஒரு வருஷம் முடியும்போது 300 கிராமும் இருக்கலாம், 600 கிராமும் இருக்கலாம். இரண்டுமே ஆரோக்கியம்தான். பெண் பாம்பு பெரிதாக வளரும், பொதுவாக 120 முதல் 150 சென்டிமீட்டர் வரை. ஆண் ஒரு மீட்டரை ஒட்டியே நின்றுவிடும். ஆகவே உங்கள் ஆண் குட்டியை வேறொருவரின் பெண் குட்டியோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை.

வளர்ச்சி நேர்கோட்டில் போகாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கிடுகிடுவென ஏறும், அப்புறம் சில வாரம் அப்படியே நிற்கும், சட்டை உரிக்கப் போகும் சமயத்தில் இரையே வேண்டாம் என்று இருந்துவிடும். முதல் இரண்டு மூன்று வருஷத்தில்தான் வேகம், பிறகு மெல்ல மெல்லக் குறையும்.

சரி, இரையின் அளவுக்கு வருவோம். 500 கிராம் எட்டும் வரை பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம் உள்ள ஒரே இரையை வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். அதாவது 80 கிராம் குட்டிக்கு 8 முதல் 12 கிராம், 200 கிராம் குட்டிக்கு 20 முதல் 30 கிராம். எடை தெரியாத நேரத்தில், பாம்பின் உடலில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவு தடிமனுள்ள இரை சரியாக இருக்கும், ஒரு துளி கூடினாலும் பரவாயில்லை. உறைந்த எலி பாக்கெட்டில் பிங்கி, ஹாப்பர், வீனர் என்று எலியின் வளர்ச்சிப் பருவத்தைச் சொல்லும் பெயர் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள், எலியையும் எடை போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: 500 கிராமைத் தாண்டிய பிறகும் அதே 15 சதவீதத்தை அதே வாரக் கணக்கில் தொடர்கிறார்கள். 75 கிராம் எலி, வாரம் தவறாமல். பாம்பும் மறுக்காமல் விழுங்கிவிடும், ஏனென்றால் அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்று தெரியாத வாழ்க்கைக்குப் பழகிய உடம்பு அது. கொடுத்ததைச் சாப்பிடுகிறது என்பது பசிக்கு அடையாளமே அல்ல. 500 கிராமுக்குப் பிறகு இடைவெளியைப் பத்து நாள், இரண்டு வாரம் என்று நீட்டிக்கொண்டே போய், இரையின் விகிதத்தையும் குறைக்க வேண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் உடல் எடையில் 5 சதவீதம் இருக்கும் எலி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்பது தாராளம். வேகமாக வளர்க்க வேண்டும் என்று திணித்து வளர்த்த பாம்புகளுக்குக் கொழுப்புதான் சேருகிறது, கல்லீரலில் கொழுப்பு படிந்து நோயாகிறது. பருத்த பாம்பைத் திரும்ப மெலிய வைக்க மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

எடையைவிட உடல்வாகு நிறையச் சொல்லும். நல்ல நிலையில் இருக்கும் பால் பைத்தானைக் குறுக்கே வெட்டியதுபோல் மனதில் பார்த்தால், முனைகள் உருண்ட முக்கோணமாக இருக்கும். முதுகெலும்பு கூர்மையாகத் துருத்திக்கொண்டு நின்றால் மெலிந்திருக்கிறது. முதுகெலும்பு இருக்கும் இடம் பள்ளமாகி, வளையும் இடங்களில் மடிப்பு விழுந்து, சும்மா படுத்திருக்கும்போதே செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால் அது வளர்ச்சி அல்ல, பருமன்.

இரையின் வகையிலும் ஒரு வார்த்தை. முழு எலியாகக் கொடுங்கள், எலும்பும் குடலும் சேர்ந்ததுதான் அதற்குச் சமச்சீர் உணவு. வெறும் கோழிக்கறித் துண்டில் சுண்ணாம்புச் சத்து போதாது. முடிந்தால் ஆரம்பத்திலேயே எலிக்குட்டிக்குப் பழக்கிவிடுங்கள், சுண்டெலியிலேயே பழகியது பின்னால் பெரிய எலியை மாதக்கணக்கில் மறுக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு வெப்பத்தில் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். இரை விழுங்கிய மலைப்பாம்பு அசையாமல் கிடக்கும் என்கிறோம், ஆனால் உள்ளே அதற்கு ஓய்வே கிடையாது. பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தபோது, இரையெடுத்த ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாவது தெரியவந்தது. அந்த வேலைக்கெல்லாம் தேவையான சூட்டை அதன் உடம்பு தானாக உண்டாக்காது, வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். கூண்டின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டரை இயக்காதீர்கள், கையை வைத்துப் பார்த்து சூடு போதும் என்று முடிவு செய்யாதீர்கள். இரவில் சூடு இறங்கிப்போனால் இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுக ஆரம்பிக்கும், பாம்பு கக்கிவிடும்.

கக்கிய குட்டிக்கு மறுநாளே இன்னொரு இரை கொடுப்பது இரக்கத்தில் செய்யும் தவறு. வயிற்றின் உட்சுவர் ஆறுவதற்கு நேரம் வேண்டும். தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு இரண்டு வாரம் விடுங்கள், வெப்பத்தைச் சரிபாருங்கள், பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரையில் தொடங்குங்கள். இரையெடுத்த 48 மணி நேரத்துக்குக் கையில் எடுக்காமல் இருப்பதும் பாம்பு கக்கிவிடாமல் இருக்கத்தான். சாப்பிட வைப்பதற்காகவே வேறு டப்பாவுக்கு மாற்றி, விழுங்கியதும் திரும்பத் தூக்கி வருவதும் வேண்டாத வேலை. கூண்டுக்குள் கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

உறைந்த எலியை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், சில இடம் வெந்துபோகும், சில இடம் பனிக்கட்டியாகவே இருக்கும், சமயத்தில் வெடிக்கவும் செய்யும். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். கொடுக்கும் முன் பிளாஸ்டிக் பையில் போட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் முக்கி வையுங்கள். மேல்தோல் 38 டிகிரியை ஒட்டி வந்ததும் எடுத்து, நனைந்திருந்தால் டிஷ்யூவால் ஒற்றி, தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள். பாம்பின் மேலுதட்டில் வரிசையாகத் தெரியும் சின்னச் சின்னக் குழிகள் வெப்பத்தை உணர்பவை, தலை சூடாக இருந்தால் தலையைத்தான் குறிவைக்கும். நீளமான இடுக்கியில் பிடித்து, முகத்தில் இடிக்காமல் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கள். பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டதும் இடுக்கியை விட்டுவிட்டு விளக்கைக் குறைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சில குட்டிகள் இறுக்கிப் பிடித்தபடி பத்துப் பதினைந்து நிமிஷம் அசையாமல் இருக்கும், அப்புறம்தான் நாக்கை நீட்டி நீட்டித் தலையைத் தேடும். அந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலே இரையைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளும். உயிருள்ள எலியைப் போட்டுவிட்டுப் போவது வேண்டவே வேண்டாம், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

குட்டி சாப்பிடவில்லை என்றால் முதலில் வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆனது என்று பாருங்கள். புது இடத்தில் ஒரு வாரமாவது தொடாமல் விட்டுவிட வேண்டும். உடலை ஒட்டினாற்போல் நுழையக்கூடிய இரண்டு மறைவிடம் இருக்கிறதா, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று? எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கும் கண்ணாடித் தொட்டியில் குட்டிக்குப் பயம்தான் வரும், பசி வராது. கண் மங்கலாகியிருந்தால் சட்டை உரித்து முடிக்கட்டும். மறுத்தால் அடுத்த முயற்சி ஐந்து, ஏழு நாள் கழித்துத்தான். வளர்ந்த பால் பைத்தான் சில மாதம்கூடப் பட்டினி கிடந்து ஒன்றும் ஆகாமல் இருக்கும், குட்டிக்கு அந்த அளவு சேமிப்பு கிடையாது. அதற்காக வாயைத் திறந்து நீங்களாகத் திணிக்க வேண்டாம், அது தெரிந்தவர்கள் கடைசி வழியாகச் செய்வது.

எடை போடுவதிலும் ஒழுங்கு வேண்டும். மூடியுள்ள டப்பாவை டிஜிட்டல் தராசில் வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, அதற்குள் பாம்பை விட்டால் வேலை முடிந்தது. இரை கொடுப்பதற்கு முன்பு, மாதம் ஒன்றிரண்டு முறை போதும். நேற்று விழுங்கிய 20 கிராம் எலி இன்றைய எடையில் இருக்கும், வாரக்கணக்கில் அடக்கி வைத்த கழிவும் இருக்கும், அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும். நீளம் தெரிய வேண்டும் என்று பாம்பை இழுத்துப் பிடித்து டேப் வைக்காதீர்கள். உரித்த சட்டையை அளந்தும் பயனில்லை, கழலும்போது அது நீண்டுவிடுவதால் பாம்பைவிட நீளமாகவே காட்டும்.

குட்டியின் எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டால், இரண்டு முறை தொடர்ந்து கக்கினால், வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் சளிக்குமிழ் தெரிந்தாலோ, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது எந்தத் தேதியில் எத்தனை கிராம் இரை, எப்போது கழிவு, எப்போது சட்டை, கூண்டின் இரு பக்க வெப்பம் எவ்வளவு என்று எழுதி வைத்ததையும் எடுத்துப் போங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.