பூச்சாடி இல்லை, விளக்கு: மம்லூக் கண்ணாடியைப் பார்க்கையில் வரும் தவறுகள்

எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்களின் காலத்துக் கண்ணாடி விளக்கை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் பலரும் பூச்சாடி என்றே நினைப்பார்கள். விரிந்த கழுத்து, பருத்த வயிறு, கீழே பாதம். அப்படி நினைக்காவிட்டால்தான் அதிசயம். வயிற்றைச் சுற்றி ஒட்டியிருக்கும் சின்னக் கண்ணாடி வளையங்களைக் கவனித்தால் குட்டு உடைந்துவிடும். 14-ஆம் நூற்றாண்டில் கெய்ரோ பள்ளிவாசல்களில் அந்த வளையங்களில்தான் சங்கிலி கோத்துத் தொங்கவிட்டார்கள்.

சரி, விளக்குதான். ஆனால் அந்த வயிறு நிறைய எண்ணெய் ஊற்றவில்லை. உள்ளே தனியாக ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம், அதில் தண்ணீர், அதன்மேல் மிதக்கும் எண்ணெய், திரி. வெளியே தெரியும் எனாமலும் (சூட்டில் உருக்கி ஒட்டிய வண்ணக் கண்ணாடிப் பூச்சு) தங்கப்பூச்சும் சுடருக்குப் போட்ட சட்டை.

விளக்கின் மேலுள்ள அரபு எழுத்தைப் பூவேலை என்று தாண்டிப்போவதைத்தான் பெரிய தவறு என்பேன். கழுத்தில் பெரும்பாலும் குர்ஆனின் 24:35 வசனம் இருக்கும். இறைவனின் ஒளிக்கு அது சொல்லும் உவமை: ஒரு மாடம், மாடத்துக்குள் விளக்கு, விளக்கு கண்ணாடிக்குள், கண்ணாடியோ மின்னும் விண்மீன் போல. (மாடக்குழியில் அகல் ஏற்றிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.) விளக்கைப் பற்றிய வசனம் விளக்கின் மேலேயே! வயிற்றில் சுல்தான் அல்லது அமீரின் (உயர் படைத்தலைவரின்) பட்டங்கள். பல விளக்குகளில் அங்கே பின்னணியை மட்டும் நீல எனாமலால் நிரப்பி, எழுத்துக்கு எனாமல் பூசாமல் விட்டிருப்பார்கள். திரி எரிந்தால் ஒளிர்வது எழுத்துதான். விளக்கு அணைந்திருக்கையில் இதில் பாதிகூடத் தெரியாது.

வட்டத்துக்குள் கிண்ணம் வரைந்திருந்தால் ஆன்மிகப் பொருள் தேட வேண்டாம். அது உத்தியோகச் சின்னம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அமீர் கவ்ஸூனின் விளக்கில் சிவப்புக் கிண்ணம் உண்டு. சுல்தான் அந்நாசிர் முகம்மதுவுக்குப் பானம் பரிமாறும் பதவியில் இருந்தவர் அவர்.

ஏலத்தில் கண்ணில் பட்டால் அவசரப்படாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சேர்ந்த ஃபிலிப்-ஜோசப் ப்ரோகார் இதே எனாமல் வேலையை அச்சு அசலாகச் செய்தார். 1867 பாரிஸ் கண்காட்சியிலும் வைத்தார். மம்லூக் கண்ணாடியில் குமிழ்கள் இருக்கும், லேசாகப் பழுப்பு ஓடும். மாசுமருவில்லாமல் பளிச்சென்றிருந்தால் கையெழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். ப்ரோகார் ஒளித்து வைக்கவில்லை. பல விளக்குகளில் தன் பெயரையே எழுதி வைத்தார்.