வாய்க்காலில் ஆடும் குழாயை வைத்து எல்இடி எரிய வைப்பது எப்படி?

மூன்று ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலில் முழங்கால் வரை நனைந்த பிறகுதான் அந்தச் சிவப்பு எல்இடி மினுக்கியது. நீங்கள் ஒரே ஞாயிறில் முடித்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

காற்றடிக்கும்போது மின்கம்பி ரீங்கரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். உருளையைத் தாண்டிப் போகும் காற்றோ நீரோ இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். அதற்கேற்ப உருளை ஆடும். ஸ்ட்ரூஹால் என்ற செக் இயற்பியலாளர் 1878-இல் இதை அளந்தார். கடலடிக் குழாய்களை உடைக்கும் இந்த ஆட்டத்தை அடக்கத்தான் பொறியாளர்கள் பார்ப்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெர்னிட்சாஸ் அதை வளரவிட்டு மின்சாரம் எடுத்தார். அவருடைய கருவிக்கு 'விவாசே' என்று பெயர். மணிக்கு 4 கி.மீ.க்கும் குறைந்த நீரோட்டமே அதற்குப் போதும். (1940-இல் அமெரிக்காவின் டகோமா பாலம் விழுந்ததும் இதனால்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது ஃப்ளட்டர், அதாவது பாலத்தின் அசைவே காற்றின் விசையைத் தூண்டி ஆட்டத்தை வளர்ப்பது. வேறு சமாச்சாரம்.)

1. வேகம். ஒரு ஆரஞ்சுப் பழத்தை மிதக்க விடுங்கள். எனக்கு 10 விநாடியில் 7 மீட்டர் போனது. மேல்மட்ட நீர் சற்று வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர்.

2. குழாய். வெளிவிட்டம் 50 மி.மீ., நீளம் 30 செ.மீ. உள்ள பிவிசி குழாய். இரு முனையும் மூடி போட்டு ஒட்டுங்கள். நீருக்குள் ஓட்டத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும் அதன் இரு முனையிலிருந்தும், வாய்க்காலுக்கு மேலே நிற்கும் சட்டத்துக்கு ஒவ்வொரு ஸ்டீல் கம்பி. உள்ளே போல்ட்டு போட்டு, கம்பியோடு சேர்த்து எடையை 600 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். குழாய் விலக்கும் நீரும் ஏறத்தாழ அவ்வளவுதான், அதனால் மூழ்கவும் மாட்டாது, மிதக்கவும் மாட்டாது.

3. ஸ்பிரிங். 0.2-ஐ (உருளைக்கான ஸ்ட்ரூஹால் எண்) வேகத்தால் பெருக்கி விட்டத்தால் வகுங்கள். விநாடிக்கு 2.4 ஆட்டம் வரும். இதற்கு ஸ்பிரிங் கணக்கிடும்போது குழாயோடு சேர்ந்து அசையும் நீரின் எடையையும், அதாவது இன்னொரு 600 கிராமையும், சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என மொத்தம் நான்கு ஸ்பிரிங். அரைக் கிலோ தொங்கவிட்டால் ஒவ்வொன்றும் 7 செ.மீ. நீள வேண்டும். எப்போதும் இழுபட்டே இருக்கும்படி மாட்டுங்கள்.

4. என்னைக் கவிழ்த்த இடம். கம்பிகள் ஏறி இறங்க லீனியர் பேரிங் போட்டிருந்தேன். கரையில் விரலால் தட்டினால் அழகாக ஆடியது. நீரில் இறக்கினால் அசையவே இல்லை. ஸ்பிரிங்கை மாற்றினேன், எண்ணெய் விட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: நீர் குழாயைப் பின்னால் தள்ளும் விசை கிட்டத்தட்ட 330 கிராம் எடைக்குச் சமம். மேலும் கீழும் ஆட்டும் விசையோ ஆரம்பத்தில் அதில் பாதிகூட இல்லை. பின்னால் தள்ளப்பட்ட கம்பி பேரிங்கில் சாய்ந்து இறுகிவிடுகிறது. கரையில் அந்தத் தள்ளல் இல்லாததால்தான் பிரச்சினை தெரியவில்லை.

தீர்வு பத்து ரூபாய்த் தூண்டில் நரம்பு. குழாயின் இரு முனையையும் நீர் வரும் பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி அடித்த முளைகளில் கட்டிவிடுங்கள். தள்ளலை நரம்பு தாங்கிக்கொள்ளும், மேல்கீழ் ஆட்டத்துக்குத் தடை இருக்காது. பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டேன். தளர்வான வளையமே போதும். விலை உயர்ந்த பேரிங் வாங்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

5. மின்சாரம். கம்பியின் உச்சியில் நியோடிமியம் காந்தம், சட்டத்தில் காயில். மோட்டார் காயில் கட்டும் கடையில் மெல்லிய எனாமல் கம்பி கிடைக்கும். நான் முதலில் 1000 சுற்றுதான் போட்டேன், எரியவில்லை. 2500 சுற்றில் எரிந்தது. மின்சாரம் திசை மாறி மாறி வரும். இரண்டு எல்இடிகளை எதிரெதிராக இணைத்தால், அதை ஒரே திசைக்குத் திருப்பும் டையோடு பாலமே தேவையில்லை. இது போன் சார்ஜ் செய்யாது. அந்தக் குழாயின் பரப்பில் வந்து மோதும் நீரின் ஆற்றலே மொத்தம் 1.6 வாட்தான், நமக்குக் கிடைப்பது அதில் சொற்பம்.

பின்சேர்க்கை: குழாய் சோம்பலாக ஆடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் உள்விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். வெளிவிட்டம்தான் வேண்டும்.

இன்னொன்று: மிச்சிகன் குழு உருளையில் சொரசொரப்பான பட்டைகள் ஒட்டி ஆட்டத்தைக் கூட்டுகிறது. நீர் மோதும் கோட்டுக்கு இரு பக்கமும் உப்புத்தாள் ஒட்டிப் பார்த்தேன், ஆட்டம் கூடியது. ஆனால் சாதாரண உப்புத்தாள் இரண்டே நாளில் ஊறி உரிந்துவிட்டது. கறுப்பு வாட்டர் பேப்பர் வாங்குங்கள். நரம்பில் சிக்கும் புல்லைக் காலையில் ஒருமுறை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்குள் ஆட்டம் நின்றுவிடும்.