எம்.எஸ். உள்ள மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும்போது

உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ள பெண் கருவுற்றால் நோய் முற்றிவிடும் என்ற அச்சம் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைக் கண்காணித்து 1998இல் வெளியிடப்பட்ட ஆய்வு அந்த அச்சத்தைப் பெரிதும் போக்கியது. கருவுறுவதற்கு முந்தைய ஆண்டில் சராசரியாக 0.7 முறை வந்த நோய்த் தாக்குதல் (குறைகள் புதிதாகத் தோன்றுவது அல்லது திரும்பி வருவது), கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஆண்டுக்கு 0.2 என்ற விகிதத்துக்கு இறங்கியது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் 1.2 ஆக ஏறி, பிறகு பழைய அளவுக்குத் திரும்பியது. ஆகவே, குடும்பம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டியது குழந்தை பிறந்த பின்னர்தான்.

கர்ப்ப காலத்தில் மிகுதியாகச் சுரக்கும் எஸ்ட்ரியோல் முதலிய ஹார்மோன்கள், நரம்பின் மயலின் உறையைத் தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தணிக்கின்றன என்று கருதப்படுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் இந்த ஹார்மோன்களின் அளவு வேகமாகச் சரிந்துவிடும். அப்படியானால் ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. எஸ்ட்ரியோல் சோதனைகள் நம்பிக்கை தந்தாலும் அது இந்நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து அன்று. பிரசவமானதும் ஹார்மோன் கொடுத்துத் தாக்குதலைத் தடுக்க ஐரோப்பாவில் செய்த சோதனையும் பலன் தரவில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள்.

முதல் வேலை கருவுறுவதற்கு முன்பே தொடங்குகிறது. எம்.எஸ். நோய்க்குத் தரும் மருந்துகளில் டெரிஃப்ளூனோமைடு, ஃபிங்கோலிமோட், கிளாட்ரிபின் ஆகியவை கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. ஆனால் ஃபிங்கோலிமோடைத் தாமாக நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதால், எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை நரம்பியல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு வரும்போது, பார்த்துவந்த மருத்துவர் தஞ்சையிலோ திருச்சியிலோ இருக்க, பெண் வேதாரண்யம் பக்கம் வந்துவிடுவாள். கடைசி எம்.ஆர்.ஐ. படம், மருந்துகளின் பெயர்கள், மருத்துவரின் தொலைபேசி எண் எல்லாம் ஒரே பையில் கூடவே வரட்டும். தாக்குதல் வந்தால் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் வசதி அருகில் எந்த மருத்துவமனையில் உள்ளது என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

பிரசவ அறையை அடைத்து வைத்துக் கொதிக்கும் வெந்நீர் ஊற்றும் வழக்கத்தை இவளுக்காகத் தளர்த்துங்கள். உடல் சூடேறினால் பழைய மரத்துப்போதலும் பார்வை மங்கலும் தற்காலிகமாகத் தலைகாட்டும். சித்திரை வெயிலில் இது சாதாரணம், உடல் குளிர்ந்ததும் அடங்கிவிடும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாதபோது புதிய குறை 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தாக்குதலாகவே கருதி மருத்துவரை அழையுங்கள். கண்ணில் ஐயம் எழுந்தால், குங்குமச் சிமிழை எதிரே வைத்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்: பாதிக்கப்பட்ட கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரியும்.

தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் பெண்களுக்குத் தாக்குதல் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் கர்ப்பத்துக்கு முன் நோய் கடுமையாக இருந்தவளுக்கு, மருந்தை விரைவில் தொடங்குவதே முக்கியம் என்பது என் கருத்து. இன்டர்ஃபெரான் பீட்டா போன்ற, இந்நோய்க்கான சில ஊசிகளைப் பாலூட்டிக்கொண்டே போடலாம். எந்த மருந்து, எந்தத் தேதியில் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கி, அதே பையில் வையுங்கள்.