முதன்முதலாக முதுகில் கப் வைப்பவர்களுக்கு

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் ஒழுங்கையில் தடிமனும் இருமலும் வீடு வீடாக ஏறி இறங்கும். போன கிழமை பிளவுஸ் துணி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மாமி தோலை உறிஞ்சி இழுக்கும் கப் வைத்ததால் என் தோளில் வந்திருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, இதை வைச்சால் ஒரு வருத்தமும் அண்டாதாமே? எனக்கும் ஒருக்கா வைச்சு விடு பாப்பம்."

மாமிக்கு நான் வைக்கவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அவர் கேட்டதை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கடையில் கப் பெட்டியை வாங்கிவந்து, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பிள்ளையின் முதுகில் வைத்துவிடுகிறார்கள். அதனால் முதல் தடவை செய்பவர் என்னென்ன செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று இருந்து வடிவாக எழுதுகிறேன்.

நான் தையல் வேலை செய்பவள். தீபாவளிக்கு முந்திய மூன்று கிழமையும் மெஷினுக்கு முன்னால் குனிந்தே இருப்பதில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசை கல்லாக இறுகிவிடும். ஐந்து வருடமாகக் கப் வைக்கிறேன். கைதடியில் சித்த மருத்துவம் படித்த உறவுக்காரப் பெண் ஒருவர்தான் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தார்.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் 32 புறமருந்துகளில் உறிஞ்சல் என்று ஒன்று இருக்கிறது. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையில் உறிஞ்சும் கருவிகளாகக் கொம்பும் சுரைக்குடுவையும் வருகின்றன. முஸ்லிம் மக்கள் செய்யும் ஹிஜாமாவும் இதே குடும்பந்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் அந்த வட்டங்கள் தெரிந்த பிறகு, எங்கள் பெடியளும் 'கப்பிங்' என்று கதைக்கத் தொடங்கினார்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

கப்பைத் தோலில் அமர்த்தும்போது உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. தோலும் அதற்குக் கீழேயுள்ள சதையும் மேலே இழுபடுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, சில கசிந்து, சிவப்பணுக்கள் தோலுக்குள் வந்துவிடுகின்றன. அந்த வட்டம் இப்படித்தான் வருகிறது. அது ஒரு கண்டல் காயம், வேறொன்றும் இல்லை. "கறுப்பாக வந்தால் உடம்பில் நஞ்சு கூட, அது வெளியே வருகிறது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். உறிஞ்சல் கூடினாலும் நேரம் கூடினாலும் யாருக்கும் கறுப்பாகத்தான் வரும்.

இனி அந்த வட்டத்தை நாளுக்கு நாள் பாருங்கள். சிவப்பு, ஊதா, பிறகு பச்சை, மஞ்சள் என்று மாறி மறையும். கசிந்த சிவப்பணுக்களை விழுங்கிச் சிதைத்துத் துப்புரவாக்குவது எங்கள் எதிர்ப்பு அணுக்கள்தான். அப்படியென்றால் கப் வைத்தால் எதிர்ப்புச் சக்தி வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் அது அந்த இடத்தில் நாங்கள் உண்டாக்கிய சின்னக் காயத்தைத் துப்புரவாக்கும் வேலை. அதனால் மூக்கில் ஏறும் தடிமன் வைரஸுக்கு எதிராக உடம்பு பலமாகிவிடும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கழுத்து வலி, நாரி வலி இரண்டுக்கும் கொஞ்ச நாளைக்குச் சுகம் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஆய்வுகளும் அவ்வளவு பலமானவை இல்லை.

எனக்குக் கிடைத்த பலன் வேறு வழியால் வந்தது. தோள் இறுக்கத்தில் இரவு இரண்டு மணிவரை புரண்டுகொண்டு கிடப்பேன். கப் வைத்த இரவு பத்து மணிக்கே நித்திரை வந்துவிடும். நித்திரைக்கும் தடிமனுக்கும் உள்ள தொடர்பு நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 164 பேரின் மூக்கில் தடிமன் வைரஸைச் சொட்டு மருந்துபோல விட்டுப் பார்த்தார்கள். இரவில் 6 மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, தடிமன் பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கு மேல் இருந்தது. ஆகவே இந்த மழைக்காலத்துக்கு நீங்கள் கப்பிடம் எதிர்பார்க்கக்கூடியது ஒரு நல்ல இரவு நித்திரை. அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள ஒவ்வொரு படியையும் சொல்கிறேன்.

முதற்படி: யாருக்கு வைக்கக் கூடாது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

காய்ச்சல் இருக்கும் ஒருவருக்கு வைக்கவே கூடாது. யாழ்ப்பாணத்தில் மழை விட்டு மார்கழி, தை வரும்போது டெங்கு ஏறும். டெங்குவில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துவிடும், நுண்குழாய்களும் தாமாகவே கசியத் தொடங்கும். அந்த உடம்பில் கப் வைத்து இழுப்பது கசியும் குழாயை இன்னும் கசிய விடும் வேலை. அதுமட்டும் இல்லை, டெங்குவில் தோலில் வரும் சிவப்புப் புள்ளிகளைக் கப் வட்டம் மறைத்துவிடும். காய்ச்சல் விட்டதும் சுகம் வந்துவிட்டதென்று நினைத்துக் கப் வைப்பவர்களும் உண்டு. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் வரும். காய்ச்சல் என்றால் பனடோல், நீராகாரம், வைத்தியர், இரத்தப் பரிசோதனை. கப் பெட்டி அலுமாரிக்குள் இருக்கட்டும்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின், குளோபிடோக்ரெல், அஸ்பிரின் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு வேண்டாம். மாமிக்கு நான் மறுத்த காரணம் இது. இதயத்துக்கு இரண்டு குளிசை போடுகிறார். "மாமி, கிளினிக்கில டொக்டரிட்டக் கேட்டு, அவர் சரி எண்டால் பாப்பம்" என்று சொல்லி அனுப்பினேன்.

கர்ப்பிணிகள், இரத்தம் உறையாத நோயுள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், கால் நரம்பு புடைத்தவர்கள் அந்த இடத்தில், எக்சிமா, சிரங்கு, வெயிலில் வெந்த தோல் உள்ளவர்கள், எல்லோரும் தவிர்க்க வேண்டும். நீரிழிவால் தோல் மரத்துப் போனவருக்கு வலி தெரியாது, அதனால் எப்போது எடுக்க வேண்டும் என்றும் தெரியாது. என் அம்மாவுக்கு 71 வயது, கையைச் சற்று அழுத்திப் பிடித்தாலே நீலம் பாயும். அவருக்கு நான் வைப்பதில்லை, நல்லெண்ணெய் பூசித் தடவிவிடுவேன். சின்னப் பிள்ளைகளுக்கும் வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: எதை வாங்குவது

நெருப்புக் கொளுத்தி வைக்கும் கண்ணாடிக் கப் வீட்டுக்கு வேண்டாம். ஸ்பிரிட் பஞ்சு ஒரு துளி ஒழுகினாலும் முதுகு வெந்துவிடும். பம்ப் பூட்டிய பிளாஸ்டிக் கப் பரவாயில்லை, ஆனால் புதியவர்கள் இழுத்துக்கொண்டே போய்விடுவார்கள். முதலில் பழக நல்லது கையால் நசுக்கி வைக்கும் சிலிக்கோன் கப். 5 சென்ரிமீற்றர் அளவு அகலத்தில் இரண்டு போதும். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், வெட்டோ பிசிறோ இருந்தால் அதை வாங்காதீர்கள்.

தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் முறையை வீட்டில் செய்ய வேண்டாம். கிருமி புகுந்துவிடும், ஹெப்பரைரிஸ் பி போன்றவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். அது பயிற்சி பெற்றவர் புதிய பிளேட்டோடு செய்ய வேண்டிய வேலை.

மூன்றாம் படி: ஆயத்தம்

இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணித்தியாலம் போகட்டும். வெறும் வயிற்றிலும் வைக்காதீர்கள், தலை சுற்றும். வெந்நீரில் குளித்த உடனே தோல் ஏற்கனவே சிவந்திருக்கும், அதனால் சற்று ஆறவிடுங்கள். கப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். ஒரு துவாய், கொஞ்சம் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய், நேரம் பார்க்கப் போன். இவ்வளவுதான் தேவை.

இன்னொருவர் கட்டாயம் வேண்டும். தன் முதுகில் தானே வைக்க முயன்றால் இடமும் பிழைக்கும், சரியான நேரத்தில் எடுக்கவும் முடியாது. எங்கள் வீட்டில் எனக்கு என் கணவர் வைத்துவிடுவார்.

நான்காம் படி: முதலில் தொடையில்

வைக்கப் போகிறவர் முதலில் தன் தொடையில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். மேல் தொடையின் முன்பக்கத்தில் எண்ணெய் தடவி, கப்பைப் பாதி அளவு நசுக்கி, தோலில் விளிம்பு முழுதும் படிய வைத்துக் கையை விடுங்கள். தோல் உள்ளே சின்ன மேடாக எழும்பும். இன்னும் கொஞ்சம் கூட நசுக்கி வேறோர் இடத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் உடம்புக்கே தெரிந்துவிடும். மற்றவரின் முதுகில் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதைக் கையும் தோலும் படித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இதைத் தாண்டிக் குதித்து நேரே முதுகுக்குப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: இடம்

ஆளைக் குப்புறப் படுக்க விடுங்கள், நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை. படுக்க முடியாதவர் கதிரையில் திரும்பி இருந்து, அதன் முதுகில் கையைப் போட்டுச் சாய்ந்துகொள்ளலாம்.

முதல் தடவைக்கு ஓர் இடம் போதும்: கழுத்து முடிந்து தோள் தொடங்கும் அந்தத் தடித்த தசை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கப். பிறகு பழகினால் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் தள்ளி, தசைமேல் வைக்கலாம். எலும்புக்கு மேலே வைத்தால் நோகும், ஒட்டவும் ஒட்டாது. கழுத்தின் முன்பக்கம், முகம், மார்பு, அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம், மச்சம், மரு, காயம் எதிலும் வைக்கக் கூடாது. அக்குளிலும் கழுத்திலும் நிணநீர்க் கட்டிகள் (எதிர்ப்பு அணுக்கள் கூடியிருக்கும் சின்ன முடிச்சுகள்) இருப்பதால் அங்கே வைத்தால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். அங்கே பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. நிணநீர் ஓடுவதற்குத் தசை அசைவும் மூச்சும் போதும், காலையில் அரை மணித்தியாலம் நடந்தாலே அது ஓடும்.

ஆறாம் படி: நேரம்

முதல் நாள் 3 நிமிடம். இரண்டாம் தடவை 5. எவ்வளவு பழகினாலும் 10 நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

நான் தொடங்கிய புதிதில் யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு நாள், கூட விட்டால் கூடச் சுகம் என்று நினைத்து 20 நிமிடம் விட்டேன். எடுத்தபோது வட்டத்துக்குள் மூன்று கொப்பளம். ஒன்று உடைந்து புண்ணாகி ஆற இரண்டு கிழமைக்கு மேல் சென்றது, அடையாளம் இன்றைக்கும் இருக்கிறது. சுகம் முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கூடுவது காயம்தான்.

வைத்திருக்கும் நேரம் கப்பைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், ஆளோடு கதைத்துக்கொண்டிருங்கள். இழுக்கும் உணர்வும் மெல்லிய சூடும் இருக்கலாம். எரிவு, குத்தல், விறைப்பு, தலை சுற்றல், வியர்வை, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே எடுக்க வேண்டும். தோல் கரு ஊதாவாக மாறினாலும் அப்படித்தான், நேரம் முடியவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏழாம் படி: எடுப்பது

கப்பைப் பிடித்து இழுக்காதீர்கள். விளிம்புக்குப் பக்கத்திலுள்ள தோலை ஒரு விரலால் அழுத்துங்கள், காற்று உள்ளே போகும், கப் தானாகக் கழன்று கையில் வரும். எண்ணெயை மெல்ல ஒற்றி எடுங்கள். ஆளை உடனே எழும்ப விடாமல் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே படுக்க விடுங்கள்.

வட்டத்தின் மேல் சித்தாலேப போன்ற தைலம் தேய்க்க வேண்டாம், நொந்த தோலில் எரியும். அடுத்த நாள் அந்த இடத்தில் வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள். கொப்பளம் வந்தால் உடைக்காமல் துப்புரவான துணியால் மூடுங்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் எதுவும் தெரிந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கப்பைச் சவர்க்காரத்தால் கழுவி, கொதிநீரில் 10 நிமிடம் போட்டு எடுத்து, காற்றில் உலரவிட்டு மூடி வையுங்கள். பிளாஸ்டிக் கப் கொதிநீரில் கோணிவிடும், அதற்கு 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைப்பதுதான் சரி. வீட்டில் ஆளுக்கு ஒரு சோடி இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த தடவை எப்போது

முதல் வட்டம் முழுதாக மறையும்வரை அதே இடத்தில் வைக்காதீர்கள். சிலருக்கு நாலு நாளில் போய்விடும், சிலருக்கு இரண்டு கிழமை எடுக்கும். நான் மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கும் கலண்டரிலேயே குறித்து வைக்கிறேன்: எந்தத் தோள், எத்தனை நிமிடம், அன்றிரவு எத்தனை மணிக்கு நித்திரை வந்தது, வட்டம் எப்போது மறைந்தது. நாலைந்து தடவை எழுதிப் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எத்தனை நிமிடம் போதும் என்று தெரிந்துவிடும். எனக்கு அது 6 நிமிடம்.