தேய்ந்த எஞ்சின் துண்டில் ஒரு மின்கலம் செய்வது எப்படி?

திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். பாடசாலைக் கண்காட்சிக்கு மின்சாரத்தின் கதையைக் காட்ட வேண்டும் என்று மருமகள் பட்டறைக்கு வந்து நின்றாள். காற்றாடியும் அணைக்கட்டும் அட்டையில் செய்ய ஆயிரம் பேர் இருப்பார்கள். நாங்கள் 1800இல் இத்தாலியரான அலெசாந்திரோ வோல்ட்டா அறிவித்த மின்னடுக்கைச் செய்தோம். தொடர்ந்து மின்னோட்டம் தந்த முதல் மின்கலம் அதுதான்.

முதலில் துத்தநாகம். எஞ்சினின் உலோகத்தை உப்புத் தண்ணீர் அரிக்காமலிருக்க, தான் முந்திக் கரைந்துகொடுக்கும் ஒரு துத்தநாகத் துண்டை, எஞ்சினின் தண்ணீருக்குள் இருக்கும் கால் பகுதியில் பூட்டியிருப்போம். தேய்ந்ததும் கழற்றி எறிவோம். எந்தப் பட்டறையிலும் கேட்டால் கொடுப்பார்கள். அலுமினியத்தில் வருவதும் உண்டு, அது வேண்டாம். இரும்பறுக்கும் வாளால் ஆறு மெல்லிய வில்லைகள் அறுத்து, பளபளக்கும்வரை அரத்தாளால் தேயுங்கள். செம்புக்குத் தகடு தேடி அலைய வேண்டாம்: வயரிங் வேலையில் மிஞ்சிய தடித்த கம்பியைத் தோல் உரித்து, நத்தை ஓடு போலச் சுருட்டி, சுத்தியலால் தட்டையாக்கினால் போதும். பழைய சாரத் துணியில் ஆறு துண்டுகள், வில்லையைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டுங்கள். டச் பே கடற்கரையில் ஒரு போத்தல் கடல்நீர் எடுத்து, அதில் ஒரு கைப்பிடி உப்பும் கரையுங்கள்.

செம்பு, துணி, துத்தநாகம். அதன்மேல் மறுபடி செம்பு, துணி, துத்தநாகம். ஆறு முறையும் இதே வரிசை. ஒன்று தலைகீழானால் அது மற்றவற்றுக்கு எதிராக இழுக்கும்.

எங்கள் முதல் அடுக்கில் எல்.ஈ.டி. விளக்கு எரியவில்லை. நான் கம்பியைச் சந்தேகித்தேன். தவறு துணியில் இருந்தது. சொட்டச் சொட்ட வைத்ததால் உப்புநீர் பக்கவாட்டில் வழிந்து, மேலுள்ள வில்லையும் கீழுள்ளதும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. துணியை நன்றாகப் பிழியுங்கள். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அழுத்தினால் வடியக் கூடாது. வோல்ட்டாவுக்கும் இதே தொல்லை: அடுக்கு உயர்ந்தால் பாரத்தில் நீர் பிதுங்கியது. அதனால் கிண்ணங்களை வரிசையாக வைத்துச் செய்யும் இன்னொரு வகையையும் அவர் காட்டினார்.

ஒரு செம்பு-துத்தநாக இணைக்கு முக்கால் வோல்ட் அளவு கிடைக்கும். சிவப்பு எல்.ஈ.டி.யின் நீண்ட காலை அடிச் செம்பிலும் குட்டைக் காலை உச்சித் துத்தநாகத்திலும் தொடுங்கள்.

"மாமா, எரிகிறது!" என்று அவள் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

இரண்டு உலோகங்கள் தொடுவதாலேயே மின்சாரம் பிறக்கிறது என்று வோல்ட்டா நம்பினார். படகுக்காரனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்: துத்தநாகம் கரைகிறது, அதுதான் இங்கே எரிபொருள். சிறிது நேரத்தில் ஒளி மங்கும். செம்பில் ஐதரசன் குமிழிகள் ஒட்டிக்கொள்வது ஒரு காரணம். 1836இல் ஆங்கிலேய வேதியியலாளர் டானியல் தன் மின்கலத்தில் செப்பு சல்பேற்றுக் கரைசலைச் சேர்த்து இந்தக் குமிழித் தொல்லையை நீக்கினார்.

முடிந்ததும் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். நாங்கள் இரவு முழுவதும் விட்டுவிட்டோம். விடிந்தபோது வில்லைகளில் வெள்ளைப் பொருக்கு, மறுபடி அரத்தாள் வேலை.