டு_ஏ கேட்டால் என்ன வரும்? ரூபி சப்கிளாஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலைக்கு எடைக்கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூபி என்ற நிரல்மொழியில், பொருள்களை வரிசையாக வைத்திருக்கும் அரே (Array) கிளாஸிலிருந்து ‘லோடுகள்’ என்று ஒரு சப்கிளாஸ், அதாவது அரேயின் வேலைகளோடு நம்முடையதையும் சேர்த்துக்கொள்ளும் வகை. வந்து நிற்கும் பெங்களூரா மாம்பழ லாரிகளின் எடையைக் கூட்டிச் சொல்ல அதில் ‘மொத்த_எடை’ என்று ஒரு மெத்தட் (அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் பகுதி). அதுவரை சரி.

அரேயாக மாற்றித் தரும் டு_ஏ (to_a) மெத்தடை அழைத்தாலும் லோடுகளே திரும்பி வரும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். வராது, வெறும் அரேதான் வரும். அதனிடம் மொத்த_எடை கேட்டால் நோமெத்தட்எரர், அதாவது அப்படி ஒரு மெத்தட் இல்லை என்ற பிழை. டு_ஆரி (to_ary) என்ற இன்னொரு மெத்தடை அழைத்தால் அதே லோடுகள் அப்படியே கிடைக்கும். இதை ரூபியின் குறை என்று சொல்பவர்கள் உண்டு; எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரே கொடு என்று கேட்டவருக்கு அரே கொடுப்பதுதானே முறை? டு_ஏ செல்ஃபையே, அதாவது அந்த லோடுகளையே, தரும்படி மாற்றி எழுதிவைக்காதீர்கள்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. சாதாரண அரேயில் டு_ஏ நகல் எடுக்காது, அதையே திருப்பித் தரும். சப்கிளாஸில் புது அரே தரும். ‘பட்டியல்.டு_ஏ’ எழுதி அதன் கடைசியில் ஒரு லாரியைச் சேர்க்கிறீர்கள். பட்டியல் சாதாரண அரே என்றால் மூலப் பட்டியலிலும் அந்த லாரி ஏறிவிடும். லோடுகள் என்றால் ஏறாது. வரி ஒன்றுதான், கணக்கு இரண்டு. எரர் எதுவும் வராது என்பதால், சீசன் நடுவில் எடைமேடை ரசீதும் பட்டுவாடாவும் ஒத்துப்போகாதபோதுதான் தெரியவரும். நகல் வேண்டுமென்றால் ‘டு_ஏ.டூப்’ (to_a.dup; டூப் நகல் எடுக்கும்) என்றே எழுதுங்கள்.

அப்புறம் பதிப்பு மாற்றம். 2020 டிசம்பரில் வந்த ரூபி 3.0-க்கு முன்பு டேக் (முதல் சில), டிராப் (முதல் சில தவிர மீதி), யூனிக் (திரும்ப வருபவை நீக்கியது) எல்லாம் சப்கிளாஸைத் தந்தன. மேப் (ஒவ்வொன்றையும் மாற்றுவது), செலக்ட் (பொருந்துபவற்றைத் தேர்வது) அரேயைத் தந்தன. 3.0 முதல் எல்லாமே அரே. பழைய கோடில் டேக் போட்ட கையோடு மொத்த_எடை கேட்டிருந்தால் இப்போது உடையும். கிடைத்ததை, புதிய லோடுகள் உருவாக்கும் ‘லோடுகள்.நியூ’வுக்குள் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

 

புதிதாக எழுதுபவர்கள் அரேயிலிருந்து சப்கிளாஸ் எடுக்கவே வேண்டாம். சொந்தக் கிளாஸுக்குள் அரேயை வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஈச் (each) மெத்தடை எழுதி, அதை வைத்துப் பிற மெத்தட்களைத் தரும் எனுமரபிள் (Enumerable) தொகுதியைச் சேர்த்தால் டு_ஏ தானாகக் கிடைக்கும். அது ஒவ்வொரு முறையும் புது அரேதான்.